கை நனைக்காதவர்

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். அச்சரப்பாக்கம் பக்கம், வேலையை விட்டுவிட்டு நான் குத்தகைக்கு எடுத்த கல்குழியில் ஜாஸ்பர் என்கிற சிவப்புக் கல் அகப்பட்டது. நகைக்குத் தேறுமா என்று பார்க்கச் செங்கல்பட்டிலிருந்து ஒருவரை வரவழைத்தேன். ஒல்லியான மனிதர். கல்லைத் தடவித் தடவிக் கட்டைவிரலில் ரேகையே இல்லை.

முதலில் சாப்பிடட்டும் என்று என் மனைவி இலை போட்டாள்.

"கல்லப் பாக்காம நான் கை நனைக்கிறதில்லம்மா," என்றார்.

கல்லைத் தண்ணீரில் முக்கி வெயிலில் வைத்தார். ஈரத்தில் அது ஜொலித்தபோது மனத்துக்குள் நான் மாடிவீடு கட்டிவிட்டேன். அவர் அது காயும்வரை குந்தியிருந்தார். மேலெல்லாம் காய்ந்த பிறகும் மயிரிழை போன்ற கோடுகளில் மட்டும் ஈரம் நின்றது.

"உள்ள பூரா விரிசல் கீது அண்ணாத்த. சாணையில வெச்சா தூளாப் பூடும்."

"அது கெடக்கட்டும் பாய், சாப்ட்டுட்டுப் போங்க," என்றேன்.

"இல்லன்னு சொல்லிட்ட வூட்ல எனக்கு சோறு எறங்காது," என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

கல் போன துக்கம் எப்போதோ ஆறிவிட்டது. ஆனால் பெரும்பாலும் இல்லையென்றே சொல்லவேண்டிய தொழில் அது. அந்த மனிதர் எத்தனை வீட்டில்தான் சாப்பிட்டிருப்பார்?