வாசலோடு நின்றவருக்கு ஒரு பேனர்

வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தோடு சண்டை போடத்தான் முதல் தடவை கீழே இறங்கிப் போனேன்.

பேகம்பூரைத் தாண்டி ஒரு சந்தில், மாடி அறையில் வாடகைக்கு இருக்கிறேன். பகலில் ஃபிளெக்ஸ் கடையில் டிசைன் வேலை, சாயங்காலம் அரசுத் தேர்வுக்குப் படிப்பு. வீட்டுக்கார அக்கா அங்கன்வாடியில் வேலை பார்ப்பவர். வெள்ளி சாயங்காலம் ஆனால் அவர் வீட்டு ஹாலில் ஏழெட்டுப் பேர் கூடிக் கைதட்டிப் பாடுவார்கள். பாட்டு என் தரை வழியாக ஏறி வரும். அடிப்படை உரிமைகளை அந்தத் தாளத்திலேயே மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன் என்று தெரிந்த அன்று பொறுமை போய்விட்டது.

கதவில் நின்று, "அக்கா, கொஞ்சம் மெதுவாப் பாடக்கூடாதா?" என்றேன்.

கூட்டத்தை நடத்துபவர் நாகல் நகரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒருவர். எல்லோருக்கும் அவர் 'பிரதர்'. அவர்தான் பதில் சொன்னார். "உள்ள வாத்தா. பாட்டு முடிஞ்சிருச்சு. இனி வசனந்தேன், சத்தம் வராது."

"எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது பிரதர்."

"உக்காரதுக்கு நம்பிக்கை எதுக்கு? பாய் கெடக்குல்ல."

உட்கார்ந்தேன். அன்றைக்குக் கடைசித் தீர்ப்பைப் பற்றிய பகுதி. மேய்ப்பன் மந்தையைப் பிரிப்பதுபோல் கர்த்தர் மனிதர்களைப் பிரிப்பார், செம்மறியாடு வலது பக்கம், வெள்ளாடு இடது பக்கம், இடது பக்கத்துக்கு நெருப்பு. எனக்கு வாய் சும்மா இருக்காது.

"வெள்ளாடு என்ன பாவம் பண்ணுச்சு? எங்க ஊர்ல பாதி வீடு வெள்ளாட்ட நம்பித்தான் இருக்கு."

"அது உவமைத்தா."

"உவமைக்கும் ஒரு நியாயம் வேணும்ல."

பாயில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். பிரதரும் சிரிப்பை அடக்கித்தான் கண்ணாடியைத் துடைத்தார். கூட்டம் முடிந்ததும் அக்கா ஒரு பைபிளை எடுத்து என் கையில் வைத்தார். "அரைகுறையாக் கேக்காத. முழுசாப் படிச்சிட்டு வந்து கேளு."

எனக்கு அது போதும். முதல் பக்கத்திலிருந்து நாவல்போல ஆரம்பித்தேன். பரீட்சைப் புத்தகம் எதையும் அந்த வேகத்தில் நான் படித்ததில்லை. சாமி இல்லை என்பது கல்லூரியில் நான் எடுத்த முடிவு. வீட்டில் சொன்னபோது அப்பா, "சரி, பூப்பறிக்க வருவேல்ல?" என்று மட்டும் கேட்டார். நிலக்கோட்டைப் பக்கம் எங்களுக்கு மல்லிகைத் தோட்டம். என் அவிசுவாசத்துக்கு அதுவரை ஒரு எதிராளிகூடக் கிடைக்கவில்லை. இப்போது ஒரு பாய் நிறைய எதிராளிகள் கிடைத்தார்கள்.

அடுத்த வாரம், கடவுள் உலகத்தை வெள்ளத்தில் அழித்த கதையோடு போனேன். "ஊரே கெட்டுப்போச்சு, சரி. தொட்டில்ல கெடந்த பிள்ளை என்ன கெட்டுச்சு? கன்னுக்குட்டி?"

"கர்த்தரையே கேள்வி கேக்க நீ யாரு?" என்றார் பிரதர்.

"மாடி வீட்டுக்காரி."

"வாடகை ஒழுங்காக் குடுக்காளா?" என்று அக்காவிடம் கேட்டார்.

"வாயத் தவிர எல்லாம் ஒழுங்கு."

இப்படியே மழைக்காலம் முழுக்கப் போனது. எனக்கு மிகவும் பிடித்த இடம், ஊரை அழிக்கப் போகிறேன் என்ற கடவுளிடம் ஒரு வயசாளி பேரம் பேசுவது. அம்பது நல்லவர் இருந்தால் விட்டுவிடுவாயா? நாப்பத்தஞ்சு? நாப்பது? எங்கள் பூ மார்க்கெட்டில் விடிகாலைப் பேச்சு அப்படியேதான் இருக்கும். அவர் பத்தோடு நிறுத்திக்கொண்டார். "ஏன் நிறுத்தினாரு? ஒண்ணு வரைக்கும் இறக்கியிருக்கலாம்ல? எங்கப்பாவா இருந்தா விட்டிருக்க மாட்டாரு" என்றேன். போகும்போது பிரதர் செருப்பை மாட்டிக்கொண்டே, "உன்ன மாதிரி வசனம் படிக்கிற ஆளு எங்க சபையில ஒண்ணும் கெடையாது. அதுதான் எனக்கு வயித்தெரிச்சல்" என்றார்.

இந்த விவாதங்களில் அக்கா அதிகம் பேச மாட்டார். சுக்குக் காப்பி போட்டுக் கொடுப்பார். சுவரில் அவர் கணவரின் படம் இருந்தது. சபை வழக்கப்படி மாலை இல்லை, விளக்கு இல்லை. வத்தலக்குண்டு ரோட்டில் அவருடைய மொபெட்டை ஒரு லாரி அடித்துப்போட்டு நிற்காமல் போய்விட்டது. லாரியும் கிடைக்கவில்லை, ஓட்டியவனும் கிடைக்கவில்லை. நான் குடிவருவதற்கு முன்னால் நடந்தது.

அக்காவின் கணவர் திருநீறு பூசுகிறவர். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அக்காவை மொபெட்டில் சபைக்குக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, எதிரே டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டு ஆராதனை முடியும்வரை இருப்பாராம். சபைக்குப் பந்தல் போட, ஸ்பீக்கர் தூக்க, தண்ணி லாரிக்குச் சொல்ல, எல்லாவற்றுக்கும் அவர்தான். வாசற்படியைத் தாண்டியது மட்டும் கிடையாது. மழை பெய்தால் வாசல் கூரைக்குக் கீழே நிற்பார். பிரதர் உள்ளேயிருந்து கையைக் காட்டுவாராம். அவரும் கையைக் காட்டிவிட்டு அங்கேயே நிற்பாராம்.

ஓராண்டு நினைவு ஜெபம் நெருங்கியபோது அக்கா என்னிடம் வந்தார். "ஏத்தா, சந்து முக்குல ஒரு பேனர் வைக்கணும். நீயே பண்ணிக் குடு."

எங்கள் கடைக் கணினியில் இறந்தவர்களுக்கு இரண்டு மாதிரிகள் தயாராக இருக்கும். ஒன்றில் விளக்கும் 'இறைவனடி சேர்ந்தார்' என்பதும். மற்றதில் சிலுவையும் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்பதும். படத்தையும் பெயரையும் மாற்றினால் பத்து நிமிட வேலை. எதைப் போடட்டும் என்று கேட்டேன்.

"நித்திரையடைந்தார்னு போடு" என்றார் அக்கா. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "போடலாம்ல?"

அந்த வெள்ளிக்கிழமை அவரே அந்தக் கேள்வியைக் கூட்டத்தில் வைத்தார். பிரதர் கையிலிருந்த பைபிளை மூடி வைத்தார்.

"சிஸ்டர், எனக்கும் அவர் மேல பிரியந்தேன். நம்ம பந்தலுக்குக் காலு ஊண்டுனதெல்லாம் அவருதான். ஆனா அந்த வார்த்தை விசுவாசிகளுக்கு உள்ளது. அவர் வாசல் வரைக்கும் வந்தாரு. உள்ள வரல. வந்தாருன்னு நம்ம எழுதுனா அது பொய்யில்லையா?"

"அப்ப அவரு எங்க இருக்காரு பிரதர்?"

பிரதர் மூடிய பைபிளின் அட்டையைப் பார்த்தார். அவர் எந்த இடத்தை நினைக்கிறார் என்று ஹாலில் எல்லோருக்கும் தெரிந்தது.

என்னால் தாங்க முடியவில்லை. மூன்று மாதப் படிப்பும் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஞாயிறு முழுக்க உங்களுக்கு ஸ்பீக்கர் தூக்கின மனுசனை நெருப்பில் போடுகிற தீர்ப்பு என்ன தீர்ப்பு என்றேன். இது பயமுறுத்தி வைக்க யாரோ கட்டிவிட்ட கதை என்றேன். "அக்கா, நீங்க கவலையே படாதீக. தீர்ப்புன்னு ஒண்ணே கெடையாது. செத்தா முடிஞ்சுச்சு. யாரும் யாரையும் எங்கயும் நிறுத்தி வச்சுக் கேக்கப் போறதில்ல. நீங்க எதை வேணா போடலாம்."

அவருக்காகத்தான் பேசினேன். அக்கா என் பக்கம் திரும்பியபோது அவர் கண்ணில் இருந்தது நன்றி இல்லை.

"யாரும் கேக்க மாட்டாகளா?"

"மாட்டாக அக்கா."

"அப்ப அந்த லாரிக்காரன்?"

என் கணக்கில் அவன் இல்லவே இல்லை.

"போலீஸு கைய விரிச்சிருச்சு. கேமராவுல நம்பர் தெரியலேன்னுட்டாக. அவன் இன்னைக்கும் எங்கயோ லோடு ஏத்திக்கிட்டு, புரோட்டா தின்னுக்கிட்டுத் திரியுறான். ஒருநாள் ஒருத்தர் முன்னால அவன் நிப்பான், நின்னு பதில் சொல்லுவான்னுதான் நான் காலையில எந்திரிக்கேன். அதையும் இல்லேங்குற நீ. பிரதர் இருக்குங்காரு, ஆனா அந்தத் தீர்ப்பு எங்க வீட்டுக்காரரையும் சேத்துல்ல பிடிக்குது." மூச்சு வாங்கினார். "அவனுக்குத் தீர்ப்பு வேணும். இவருக்கு இரக்கம் வேணும். ரெண்டையும் ஒரே ஆளுகிட்டக் கேக்கேன். அந்தப் பெரியவரு ஊருக்கே பேரம் பேசுனாருன்னு நீதான சொன்ன. நான் ஒத்த ஆளுக்குத்தான் கேக்கேன்."

கூட்டம் அப்படியே கலைந்தது. அன்றைக்குப் பாட்டும் இல்லை, காப்பியும் இல்லை.

மாடிக்கு வந்து பைபிளை எடுத்துவைத்துக்கொண்டு தேடினேன். பிரதரை மடக்க இல்லை, அக்காவுக்கு ஏதாவது கிடைக்குமா என்று. இரண்டும் அதற்குள் கிடக்கின்றன. கதவைச் சாத்துகிற பக்கங்களும் இருக்கின்றன, கடைசி நிமிடத்தில் யாரையோ உள்ளே விடுகிற பக்கங்களும் இருக்கின்றன. எதை எடுத்துப் போனாலும் அதற்கு எதிரானதைப் பிரதர் எடுத்துக் காட்டலாம். அவர் எடுத்தால் நானும் காட்டலாம். தீர்ப்பு இல்லை என்ற என் முடிவு மாறவில்லை. இப்போதும் மாறவில்லை. ஆனால் அது அக்காவிடமிருந்து எதைப் பிடுங்குகிறது என்பதை அதற்கு முன் நான் யோசித்தே பார்த்ததில்லை.

மறுநாள் அக்கா கடைக்கே வந்துவிட்டார். "நித்திரையடைந்தார்தான். மாத்தாத."

"பிரதர் வரலேன்னா?"

"வராட்டி நான் ஜெபிச்சுக்கிறேன். எனக்கு வாய் இல்லையா?"

ஒரு சொல்லைக்கூட நான் நம்பாத வாக்கியம் அது. எழுத்தின் அளவை ஏற்றி இறக்கி, நிறத்தை மாற்றி, பத்து நிமிட வேலையை மதியம்வரை செய்தேன். படத்தில் நெற்றித் திருநீறு தெரிந்தது. அழிக்கவா என்று கேட்டதற்கு, "எதுக்கு? அவருதான?" என்றார் அக்கா. சிலுவைக்குப் பக்கத்தில் திருநீற்றோடு ஒருவர் சிரிக்கிற பேனரை எங்கள் கடை அதுவரை அடித்ததில்லை. முதலாளி ஸ்கிரீனைப் பார்த்துவிட்டு, "ஃபைல் மாத்தி எடுத்திட்டியா?" என்றார். இல்லை, சரியாகத்தான் எடுத்திருக்கிறேன் என்றேன்.

நினைவு நாள் சாயங்காலம் பேனரை நானும் அக்காவும்தான் கட்டினோம். ஒரு பக்கம் கரண்ட் கம்பம், மறுபக்கம் வேப்பமரம். சேர்கள் போட்டாயிற்று. சபையிலிருந்து பாதிப் பேர் வந்துவிட்டார்கள். அக்கா ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் சந்து முக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரதர் நேரம் கழித்து வந்தார். சைக்கிளை நிறுத்திவிட்டு பேனருக்கு எதிரே நின்றார். மேலிருந்து கீழே படித்தார். மறுபடியும் படித்தார். அக்கா சேலை முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார். நான் சண்டைக்குத் தயாராக நின்றேன்.

"நான் சொன்னதுல இருந்து மாறல சிஸ்டர்" என்றார்.

"தெரியும் பிரதர்."

காற்று வீசியது. மரத்துப் பக்கத்து மூலை அவிழ்ந்து, பேனர் பாதி மடங்கிப் படத்தின் முகத்தை மறைத்தது. பிரதர் என்னைப் பார்த்தார்.

"பேச்சுத்தான் பேசுவ. ஒரு முடிச்சு ஒழுங்காப் போடத் தெரியல. அந்தச் சேர இங்கிட்டுப் போடு."

நான் சேரைப் பிடித்துக்கொள்ள அவர் ஏறினார். கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்துக் கட்டினார். பேனர் விறைத்து நின்றது. கை எட்டிய தூரத்தில் 'நித்திரையடைந்தார்' என்ற வரி இருந்தது. மடிப்பு விழுந்திருந்த இடத்தை உள்ளங்கையால் நீவிவிட்டு இறங்கினார்.

"ஆரம்பிக்கலாமா?" என்று அக்காவைக் கேட்டார்.