எழுபது மீட்டர்

கனடாவிலிருந்து எங்கள் பழைய சூப்பர்வைசர் அனுப்பிய வீடியோவில், ஒரு பாய்க்கப்பல் ஏரியின் அடியில் நிமிர்ந்து நிற்கிறது. அதன் பாய்மரங்களில் ஒன்றுகூட முறியவில்லை. சமையலறை அலமாரியில் பீங்கான் தட்டுகள் அடுக்கியபடியே இருக்கின்றன. உறை போட்ட ஒரு கை உள்ளே நீண்டு, எதையும் தொடாமல், தட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டுகிறது. முகம் தெரியாவிட்டாலும் அது யாருடைய கை என்று எனக்குத் தெரியும். கண்ணெதிரே இருப்பதையும் எண்ணிப் பார்க்காமல் நம்பாத மனிதர் அவர்.

ஷார்ஜாவில், கடலடியை அளந்து கொடுக்கும் ஒரு சிறிய கம்பெனியில் நாங்கள் இருவரும் ஒன்பது வருடம் சேர்ந்து வேலை பார்த்தோம். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், டைவர்களுக்குச் சூப்பர்வைசர். நான் ராமநாதபுரத்துக்காரன், சர்வேயர். பிறகு அவர் பிள்ளைகளோடு கனடாவுக்குப் போய்விட்டார். போனவர் சும்மா இருந்தாரா என்றால் இல்லை. கடல் மாதிரி கிடக்கும் ஒரு ஏரியின் கரையில் வீடு பிடித்து, மூழ்கிய கப்பல்களைத் தேடும் ஒரு கூட்டத்தில் சேர்ந்துகொண்டார். சம்பளம் கிடையாது. கோடையிலும் அடித்தண்ணீர் ஐஸ்பெட்டிக்குள் வைத்த மாதிரி இருக்குமாம், இருபது நிமிடத்தில் விரல் மரத்துவிடுமாம். எங்கள் கடலில் மரம் தங்காது. உப்பும் சூடும் போதாதென்று மரத்தைத் துளைக்கும் புழு வேறு, சில வருடங்களில் தின்று தீர்த்துவிடும். அந்த ஏரியில் உப்பும் இல்லை, அந்தப் புழுவும் இல்லை.

“இஞ்ச தண்ணி ஒண்டையும் விடாமல் வச்சிருக்கு ஐசே,” என்றார் போனில். பழைய குறிப்பு ஒன்றில் இருந்த இடத்தை நம்பி ஆறு கோடைக்காலம் தேடினார்களாம். கப்பல் கிடந்தது வேறு இடத்தில். அதைச் சொல்லிவிட்டு, எப்போது பேசினாலும் கடைசியில் கேட்கும் கேள்வியை அன்றைக்கும் கேட்டார்.

“அந்தப் பொடியனுக்குச் சொல்லிப்போட்டீரோ?”

நான் வழக்கம்போல் இணைப்புச் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

உள்ளதைச் சொன்னால், கூட வேலை பார்த்த காலத்தில் எனக்கு அவரை அவ்வளவாகப் பிடிக்காது. கணக்கு வாத்தியாரோடு ஒரே படகில் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. வேலையில் யார் தவறு செய்தாலும், அந்தத் தவறால் பாதிக்கப்பட்டவன் முகத்தைப் பார்த்துத் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். கயிற்றைத் தளர விட்டவன், தண்ணீருக்குள் இருந்தவன் மேலே வந்ததும் அவன் முன்னால் போய் நின்று சொல்வான். “ரிப்போட்டில எழுதிறது கொம்பனிக்கு. ஆளுக்கு வாயால சொல்லவேணும்,” என்பார். மன்னிப்புக் கேட்கச் சொல்லமாட்டார். நடந்ததைச் சொன்னால் போதும். எனக்கு அது பள்ளிக்கூடத்துத் தண்டனை மாதிரி தோன்றும்.

ஏழு வருடத்துக்கு முன், குளிர்காலத்துக் காற்றில் ஒரு சரக்கு லாஞ்சு கவிழ்ந்தது. அதில் இருந்த ஏழு பேரில் ஆறு பேரை மீட்டுவிட்டார்கள். எஞ்சின் டிரைவரைக் காணவில்லை. கடலூர்ப் பக்கத்துக்காரர். லாஞ்சு கவிழ்ந்து மிதந்ததைத்தான் மற்றவர்கள் பார்த்தார்கள், அது மூழ்கியதை யாரும் பார்க்கவில்லை. கப்பல்கள் போகும் வழி என்பதால் அதைக் கண்டுபிடிக்கும் வேலை எங்களுக்கு வந்தது. டிரைவரின் தம்பி முவைலா தொழிலாளர் கேம்ப்பில் தங்கி டைல்ஸ் வேலை செய்துகொண்டிருந்தான். டூட்டிக்கு லீவு போட்டுவிட்டு, நாங்கள் கரைக்கு வரும்போதெல்லாம் படகுத்துறை கேட்டில் நின்றான். அவனுக்கு வேண்டியது ஒன்றுதான்: அண்ணன் இருக்கிறாரா, இல்லையா.

எங்கள் கருவி ஆள் நீளத்தில் மஞ்சளாக இருக்கும். நாங்கள் அதை மீன் என்போம். படகின் பின்னால் கேபிளில் இழுபட்டு வந்து, கடலடியை ஒலியால் படமெடுக்கும். படகு இருக்கும் இடம் நமக்குத் தெரியும். கேபிள் எவ்வளவு விட்டிருக்கிறது என்று கம்ப்யூட்டரில் போட்டால், அவ்வளவு தூரம் பின்னால் மீன் இருப்பதாக அது கணக்குப் போட்டுக்கொள்ளும். வெள்ளிக்கிழமை காலை நூற்றிருபது மீட்டர் விட்டிருந்தோம். எதிரே மீன்பிடிக் கூடுகளின் மிதவைகள் தெரிந்ததால், கேபிளைச் சுற்றும் வின்ச்சில் நின்ற பாகிஸ்தானி பாய் அது சிக்காமலிருக்க ஐம்பதுக்கு இழுத்துவிட்டு, இந்தியில் கத்திச் சொன்னார். அதே நேரத்தில் திரையில் லாஞ்சின் உருவம் நிழலோடு விழுந்தது. நான் துள்ளிக் குதித்தேன். ஐம்பது என்று மாற்றிப் போட மறந்தேன்.

ஒன்றைக் கண்டால் எதிர்த்திசையிலிருந்தும் ஒருமுறை ஓடிப் பார்ப்பது எங்கள் தொழிலில் வழக்கம். கணக்கில் பிழை இருந்தால் அப்போதே பிடிபட்டுவிடும். ஆனால் அன்று வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகைக்குள் கரைக்குப் போகவேண்டும் என்று கேப்டன் யல்லா யல்லா என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். கரையில் பிரியாணி இருந்தது. எனக்குச் சந்தேகமே இல்லை. சரி, போகலாம் என்றேன்.

சனிக்கிழமை டைவர்கள் இரண்டு முறை இறங்கினார்கள். நான் குறித்துக் கொடுத்த இடத்தில், முப்பது மீட்டர்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கைக்கெட்டும் தூரம்கூடத் தெரியாத கலங்கலில் சுற்றிச் சுற்றித் தேடினார்கள். மணலும், யாரோ விட்டுப்போன ஒரு மீன்கூடும்தான் கிடைத்தன. மாஃபி, கலாஸ், அதாவது இல்லை, முடிந்தது என்று ஆபீசில் வேலையை முடிக்கச் சொல்லிவிட்டார்கள். கேட்டில் தம்பியிடம் நான்தான் சொன்னேன்.

“அங்க லாஞ்சு இல்லப்பா.”

“அப்ப முழுகலியா சார்?”

“தெரியலப்பா,” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினேன். அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். ஏன் என்று யோசிக்கவில்லை.

திங்கட்கிழமை ரிப்போர்ட் எழுதும்போது பாயின் வின்ச் நோட்டைப் பிரித்தேன். கோணல் எழுத்தில் ஐம்பது என்று எழுதியிருந்தது. என் ஃபைலில் கடைசிவரை நூற்றிருபது. லாஞ்சு நான் குறித்த இடத்துக்கு எழுபது மீட்டர் முன்னால் கிடக்கிறது. வேலை போனால் விசா போகும். ஆகவே புத்திசாலித்தனமாக ஒன்று செய்தேன். சந்தேகத்துக்குரிய இரண்டாவது பொருள் ஒன்று இருக்கிறது, அதையும் பார்க்கலாம் என்று எழுதிச் சூப்பர்வைசரிடம் கொடுத்தேன்.

அவர் வரைபடத்தையும் வின்ச் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“இது ரெண்டாவது இல்லை ஐசே, முதலாவதுதான். நான் ஆக்களை இறக்கிறன். மனேச்சருக்கு நீர் என்னத்தையும் எழுதும். அந்தப் பொடியனுக்கு மட்டும் நீர்தான் சொல்லவேணும்.”

செவ்வாய்க்கிழமை முதல் ஆளாக அவரே இறங்கினார். லாஞ்சு அங்கே இருந்தது. டிரைவர் எஞ்சின் அறைக்குள் இருந்தார். கேட்டில் நின்ற தம்பியிடம் “கெடைச்சாச்சுப்பா” என்று மட்டும் சொன்னேன். மீதியைச் சொல்லவில்லை. கண்டுபிடித்துக் கொடுத்தாகிவிட்டது, இரண்டு மூன்று நாள் தாமதம் என்ன பெரிய விஷயம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு ஏழு வருடம் ஓட்டினேன்.

தட்டுகளை எண்ணும் அந்தக் கையைப் பார்த்த பிறகு தூக்கம் சரியாக வரவில்லை. போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் முவைலாவுக்குப் போனேன். தம்பி இப்போது ஃபோர்மேன், தலையில் நரை விழுந்திருக்கிறது. டீக்கடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

“அப்ப சனிக்கெழமையே லாஞ்சு அங்கதான் கெடந்துச்சா சார்?”

“ஆமாப்பா.”

அவன் டீ கிளாஸை ஓரமாகத் தள்ளி வைத்தான்.

“நீங்க இல்லன்னு சொன்னதும் ஊருக்கு அடிச்சேன் சார். லாஞ்சு முழுகல, அதப் புடிச்சுக்கிட்டு அண்ணன் எங்கயாவது கரையேறியிருக்கும்னு அண்ணிகிட்ட சொன்னேன். அன்னிக்குத்தான் வீட்ல ஒல வச்சாங்க. செவ்வாக்கெழமை நானே மறுபடி அடிக்க வேண்டியதாப்போச்சு. எல்லாம் தெரிஞ்சுகிட்டே பொய்யா ஆச காட்டுனேன்னு அண்ணி நெனச்சுட்டாங்க. இன்னிக்கு வரைக்கும் என்கிட்ட பேச்சு கெடையாது. போன எடுப்பாங்க, பேசாம புள்ளைங்க கையில குடுத்துருவாங்க.”

எனக்கு அவமானமாக இருந்தது. என் பிழையை நான் மீட்டரிலும் நாளிலும் அளந்து வைத்திருந்தேன். அது ஒரு வீட்டுக்குள் போய் ஏழு வருடமாக உட்கார்ந்திருக்கிறது என்று எனக்குத் தெரியவே தெரியாது.

அவன் கோபப்படவில்லை. போனை எடுத்து அண்ணியின் நம்பரை அழுத்தி என்னிடம் நீட்டினான்.

“நீங்களே சொல்லிருங்க சார்.”

மறுமுனையில் எடுத்துவிட்டார்கள். தொலைக்காட்சி ஓடும் சத்தமும், ஒரு பிள்ளையைக் கூப்பிடும் பெண்குரலும் கேட்டன.

“அம்மா, போனக் குடுத்துராதீங்க,” என்றேன் அவசரமாக. “நான் சார்ஜாவுல அந்த லாஞ்ச தேடுன ஆளு. உங்க கொழுந்தன் அன்னிக்கு பொய் சொல்லல. நான் தப்பா சொன்னததான் உங்ககிட்ட சொன்னாரு.”

தொலைக்காட்சிச் சத்தம் நின்றது. போன் கை மாறவில்லை.