நம்பர் இல்லாத குற்றம்

கோர்ட் வாசலில், என் ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்து மேஜையில் டைப் அடிக்கும் அக்காவுக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. செக்‌ஷன் அக்கா என்றால்தான் தெரியும். திருட்டா, அடிதடியா, செக் மோசடியா, கேட்டவன் வாய் மூடுவதற்குள் பிரிவு எண்ணைச் சொல்லிவிடுவாள். புத்தகத்தைப் பிரிக்கச் சோம்பல்பட்ட வக்கீல்கள்கூட, "அக்கா, மிரட்டலுக்கு என்ன?" என்று நடந்தபடியே கேட்டுக்கொண்டு உள்ளே போவார்கள். புருஷன் செத்த மறுமாதம் அந்த நாற்காலிக்கு வந்தவள். இருபத்திரண்டு வருஷம் ஆகிறது.

போன வருஷம் சட்டத்தை மாற்றினார்கள். குற்றமெல்லாம் பெரும்பாலும் பழையதுதான், நம்பர்தான் புதுசு. அக்கா பட்டியலை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்து ஒரே மாதத்தில் மனப்பாடம் செய்தாள். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தாள். 'பொது இடத்தில் காரணமின்றித் திரிதல்' என்று ஒரு பழைய குற்றம் உண்டு. புதுச் சட்டத்தில் அதைத் தூக்கிவிட்டார்கள்.

"ஒரு நல்ல காரியமாச்சும் பண்ணாங்களே" என்றாள்.

மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதே குற்றத்தில் அவள் கொழுந்தனையே பிடித்துக்கொண்டு போனார்கள். அவன் லிஃப்ட் மெக்கானிக். ரிப்பேர் பார்க்க வேண்டிய கட்டடம் காலையில் இன்னும் திறக்கவில்லை என்று படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறான். பையில் ஸ்பேனர் இருந்ததாம். லிஃப்ட் மெக்கானிக் பையில் ஸ்பேனர் இல்லாமல் பூங்கொத்தா இருக்கும்? ஸ்டேஷனில் பழக்க தோஷத்தில் பழைய நம்பரை எழுதினார்கள். கோர்ட்டில் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டு ஜெயிலுக்கு அனுப்பினார்கள்.

அக்காவே ஜாமீன் மனு அடித்து கவுன்ட்டரில் நீட்டினாள். நானும் கூடப் போயிருந்தேன்.

"புது செக்‌ஷன் நம்பர் எங்க?" என்றான் கவுன்ட்டர் கிளார்க்.

"புதுசுல அந்தக் குத்தமே கிடையாது சார்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. கட்டம் காலியா இருந்தா வாங்க முடியாது."

"இல்லாததுக்கு நான் என்னன்னு நம்பர் போடுறது?"

"அத நீங்கதான் சொல்லணும். உங்களத்தான செக்‌ஷன் அக்கான்னு கூப்பிடுறாங்க."

சிரித்தான் பாவி. மறுவாரம் அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று அடித்துக் கொடுத்தாள். 'எண்ணால் குறிப்பிடவும்' என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பினான். இப்படியே பத்தொன்பது நாள் ஓடியது.

இருபதாம் நாள் அக்கா நேராகக் கோர்ட் ஹாலுக்குள் போய் நின்றாள்.

"ஐயா, இல்லாத குத்தத்துக்கு இருக்கிற மனுசன உள்ள வச்சிருக்கீங்க. இத்தன பேரு படிச்சிருக்கீங்க. ஒருத்தருக்குமா புத்தகத்தப் புரட்டிப் பாக்கத் தோணல?"

நீதிபதிக்கு முகம் சிவந்துவிட்டது. நீதிமன்ற அவமதிப்பு என்றார். நாளைக் காலை நிபந்தனையற்ற மன்னிப்பு எழுத்தில் வர வேண்டும், இல்லையென்றால் சிறை. மன்னிப்பு வந்தால், ஜாமீன் மனுவைத் தானே விசாரிப்பதாகவும் சொன்னார்.

அக்காவுக்குக் கொழுந்தன் வெளியே வந்தால் போதும். மன்னிப்பு மனு அவளுக்குப் புதிதா என்ன, ஊரில் வாய்விட்டு மாட்டியவர்களுக்கெல்லாம் அவள்தான் அடித்துக் கொடுத்தவள். அந்த வாசகம் விரலிலேயே இருக்கும். நாலு நிமிஷத்தில் அடித்தாள். நான் மூன்று காப்பி எடுத்தேன். அவளும் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை. நினைத்தால் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

மறுநாள் மன்னிப்பை ஏற்றுக்கொண்டார்கள். அடுத்து ஜாமீன் மனு. அரசு வக்கீல் அதே மன்னிப்புக் கடிதத்தோடு எழுந்தார்.

"'நான் இம்மன்றத்தில் கூறியவை அனைத்தும் உண்மைக்கு மாறானவை.' இந்தம்மாவே கையெழுத்துப் போட்டிருக்காங்க. அப்படி ஒரு குற்றமே இல்லைன்னாங்க, அது உண்மை இல்லைன்னு இப்ப அவங்களே ஒத்துக்கிட்டாங்க. அப்ப குற்றம் இருக்குன்னுதானே அர்த்தம்?"

வக்கீல்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். நீதிபதி பேனாவை எடுத்தார்.

"ஐயா, அந்த மன்னிப்பத் திருப்பிக் குடுங்க" என்றாள் அக்கா.

"திரும்ப வாங்கினா என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியும்ங்க. நான் அன்னைக்குச் சொன்னது உண்மை. உண்மைக்கு மாறானதுன்னு அடிச்சேன் பாருங்க, அதுதான் பொய். இப்பக் கேளுங்க அவர, அந்தக் குத்தத்துக்குப் புது நம்பர் என்னன்னு."

நீதிபதி கேட்டார். கேட்டுத்தானே ஆக வேண்டும். அரசு வக்கீல் புத்தகத்தைப் புரட்டினார். அவருடைய ஜூனியர் புரட்டினார். கவுன்ட்டர் கிளார்க்கைக் கூப்பிட்டு அவனையும் புரட்ட வைத்தார்கள். பத்து நிமிஷம் ஹாலில் காகிதச் சத்தம் மட்டும்தான். கொழுந்தனை விடுவிக்க உத்தரவு போட்டார்கள். கையோடு அக்காவுக்கு ஒரு மாதம் சிறை. அவமதிப்புக்கான நம்பரைப் புத்தகம் பார்க்காமலே சொன்னான் அந்தக் கிளார்க்.

சாயங்காலம் கொழுந்தன் என் கடைக்கு வந்தான். பிடித்த அன்றைக்குப் போட்டிருந்த அதே சட்டை.

"அண்ணி எங்க?"

சொன்னேன். காலியாக இருந்த நாற்காலியை மேஜையோடு சேர்த்துத் தள்ளி வைத்தான்.

"அப்பீல் போடணும்ல. யாருகிட்ட அடிக்கிறது?"

விஷயத்தைக் கேட்டதும் மற்ற டைப்பிஸ்ட்கள் ஆளுக்கு ஒரு சாக்குச் சொன்னார்கள். தூ என்று துப்பிவிட்டு நானே அக்காவின் மேஜையில் உட்கார்ந்தேன். எனக்கு ஒற்றை விரல்தான் ஓடும். எழுத்தைத் தேடித் தேடி அடித்தேன். நம்பரை மட்டும் தேட வேண்டியிருக்கவில்லை. அவளை உள்ளே வைக்கப் பழைய நம்பரும் இருந்தது, புது நம்பரும் இருந்தது.