சுவருக்கு அந்தப் பக்கம் அந்தூரியம்

கண்டியில் பெயின்டராக இருப்பதென்றால் பாதி நாள் பூஞ்சணத்தோடு மல்லுக்கட்டுவதுதான். உங்கள் வீட்டு அலுமாரிக்குப் பின்னாலும் கறுப்பாகப் பூத்திருக்கும். வெட்கப்படாதீர்கள், எங்கள் வீட்டிலும் உண்டு.

இரண்டு கோட்

கட்டுகஸ்தோட்டையில் யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருவர் வாடகைக்கு இருந்தார். ஆறு வயது மகளுக்கு மூச்சிழுப்பு. பிள்ளை படுக்கும் அறையின் பின்சுவர் இடுப்பு உயரத்துக்குக் கறுத்திருந்தது. அறை காயாவிட்டால் வீட்டை மாற்றச் சொல்லிவிட்டாராம் டாக்டர். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வேறு வீடு கிடைக்கவில்லை.

"இதெல்லாம் ஒரு வேலையா டீச்சர்?" என்று சுரண்டி, மருந்து பூசி, இரண்டு கோட் அடித்துவிட்டு வந்தேன். பெரிய வித்துவான் நான்! ஒரு மாதத்தில் போன் வந்தது. "அண்ணை, நீங்கள் பூஞ்சணத்தை எடுக்கேல்லை. அதுக்கு வெள்ளைச் சட்டை போட்டுவிட்டிட்டுப் போயிருக்கிறியள்."

பின்பக்கம்

மானம் போய்விட்டது. இந்த முறை வீட்டைச் சுற்றி நடந்தேன். மேட்டை வெட்டிக் கட்டிய வீடு. பின்சுவரில் சாய்த்து மண் நிரப்பி, வரிசையாக அந்தூரியம். பக்கத்து வீட்டில் இருக்கும் வீட்டுச் சொந்தக்காரர் ஹாஜியாரின் மனைவி வளர்ப்பது. அறையின் தரையைவிட மண் இடுப்பளவு உயரம். மழை நாளிலும் தண்ணீர் ஊற்றுவாராம். சுவர் எப்படிக் காயும்?

மண்ணை எடுக்க வேண்டும் என்றேன். ஹாஜியார் குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பாத்தியில மண்வெட்டி பட்டா எனக்குச் சோறு இல்ல தம்பி. நீங்களே கேளுங்க."

அனுமதி

கேட்டேன். அந்த அம்மா பூக்களைப் பார்த்தபடி நின்றார். பிறகு விறுவிறுவென்று டீச்சர் வீட்டுக்குள் போனார். சுவரில் உள்ளங்கையை வைத்தார். கட்டிலில் பிள்ளை தலையணையில் சாய்ந்து, உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தது. படுத்தால் மூச்சு முட்டுமாம். அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "பூ வேற எடத்துலயும் பூக்கும். இந்தப் புள்ளக்கி வேற நெஞ்சு இருக்கா? வெட்டுங்க."

பெயின்ட் இல்லாத சுவர்

செடிகளைச் சட்டிக்கு மாற்றினோம். மண்ணை அள்ளி, தண்ணீர் வடிந்து ஓடக் கான் வெட்டி, வெளிச்சுவருக்குச் சீமெந்து பூசினேன். உள்ளே பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, பகலெல்லாம் ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னேன். சுவர் காய்கிற வரை பெயின்ட் வாளியைத் தொடவில்லை. மொட்டைச் சுவரைப் பார்த்து டீச்சர் முகம் சுளித்தார்.

மழைக்காலம் முடிந்ததும் போனேன். சுவர் காய்ந்திருந்தது. பிள்ளை வாசலுக்கு வந்தது. "மாமா, நேற்று நான் பள்ளிக்கூடத்தில ஓடினனான். அம்மா பாத்துக்கொண்டுதான் நிண்டவா. ஓடாதை எண்டு சொல்லேல்லை."

பெயின்ட் அடிப்பவன் முதலில் வீட்டைச் சுற்றி நடக்க வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்க எனக்குப் பதினாறு வருஷம்தான் பிடித்தது.