ஊற்றின காசும் அடித்த காசும்

பழவேற்காடு ஏரியோரத் தோணிரேவு கிராமத்தில் செவ்வந்தி என்ற பெயரில் மூன்று பேர் உண்டு. நாம் பேசுவது சுப்பராயலுவின் கடைசி மகளை. கங்காதரனுக்கு வாழ்க்கைப்பட்டவள், வலைக்கு ஈயக்குண்டு ஊற்றுகிறவள். கங்காதரனின் அம்மா சுப்பராயலுவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. அதனால் அந்தக் கல்யாணத்தில் யாரும் பெண் பார்க்கப் போகவில்லை. பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பெண்தானே!

செவ்வந்திக்குப் பழைய காசு என்றால் உயிர். பதினாறு வயதில் ஏரிக்கரையில் மட்டி பொறுக்கும்போது ஓர் ஓட்டைக் காலணா காலில் தட்டியது. அன்றைக்குப் பிடித்த பித்து. இப்போது நாற்பத்தாறு வயது, ஓர் ஆல்பம் நிறையக் காசு. கடைசிப் பக்கத்தில் காசு செருகும் பைகளில் ஒன்று மட்டும் காலி. அது டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் அடித்த செப்புக்காசுக்கு. மூன்று எழுத்துகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் முத்திரை.

நடுவில் ஓர் அவமானமும் நடந்திருந்தது. பதினோரு வருடத்துக்கு முன்னால் சுண்ணாம்புக்குளம் திருவிழாவில், ராணி தலை போட்ட வெள்ளி ரூபாய் என்று ஒருவனிடம் வாங்கி வந்தாள். ஒரே மாதத்தில் மேல்பூச்சு உரிந்து உள்ளே ஈயம் பல்லை இளித்தது. வருடக்கணக்காக ஈயம் உருக்குகிற கை, ஆசையில் எடை பார்க்க மறந்துவிட்டது. நாத்தனார் ஜமுனா விடுவாளா? "ஈயக்காசு அண்ணி" என்று பெயர் வைத்தாள். தெருவே அதைப் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து செவ்வந்தி ஒரு காசும் வாங்கியதில்லை.

போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழவேற்காட்டிலிருந்து மக்பூல் பாய் போன் செய்தார். வலைக்கயிறும் மிதப்பும் விற்கிறவர். அவள் ஊற்றுகிற குண்டெல்லாம் அவர் கடைக்குத்தான் போகும்.

"செவ்வந்திமா, மெட்ராஸ் வியாபாரி ஒருத்தர் வந்து கடையில குந்தினுகீறாரு. நீ கேட்ட காசு வெச்சிருக்காராம். எட்டாயிரம் சொல்றாரு."

சீட்டு எடுத்த பணம் அப்படியே இருந்தது. புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். ஆட்டோவில் ஜமுனாவும் ஏறி உட்கார்ந்தாள்.

"நீ எதுக்கு வர்ற?"

"போன தபா தனியா போய்ட்டு வந்த லட்சணம்தான் ஊருக்கே தெரியுமே அண்ணி."

செவ்வந்திக்குச் சுருக்கென்றது. "இந்தத் தபாவும் ஏமாந்தேன்னு வை, அந்த ஆல்பத்தை இரும்புக்காரன் வண்டியில நானே போட்டுடறேன். போதுமா?"



கடையில் வியாபாரி சிவப்புத் துணி விரித்துக் காசை வைத்திருந்தார். செவ்வந்தி கிட்டப் போய்ப் பார்த்தாள். மூன்று எழுத்தும் அச்சுக் குலையாமல், வட்டமாக, அத்தனை அழகு. கையில் எடுத்தாள். மேலெல்லாம் பொட்டுப் பொட்டாகக் குழி.

"இது இன்னாங்க குழி?"

"உப்புத் தண்ணியில முந்நூறு வருஷம் கெடந்தா அரிக்காதாம்மா?" என்றார் வியாபாரி.

உப்பு அரிப்பது அவளுக்குத் தெரியாததா? உப்பு மேலிருந்து தின்னும். வாய் அகலமாக, தட்டுப் போலத்தான் பள்ளம் விழும். வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி, அதன் முனையை ஒரு குழிக்குள் விட்டாள். வாய் ஊசிமுனை அளவுதான். ஆனால் உள்ளே போன முனை நாலு பக்கமும் சுழன்றது. உள்ளே பானை வயிறு. அச்சில் ஈரம் இருந்தால், ஊற்றுகிற ஈயத்தில் காற்று மாட்டிக்கொண்டு இப்படித்தான் கொப்புளம் விடும். அப்படிப்பட்ட குண்டுகளை எத்தனை முறை அவள் திரும்ப உருக்கியிருக்கிறாள்! டச்சுக்காரன் காசை ஊற்றவில்லை, செப்புத் தகட்டில் முத்திரையை வைத்துச் சுத்தியலால் அடித்தான்.

ஆனாலும் ஆசை விடவில்லை. ஒருவேளை நிஜமாக இருந்தால்?

"இதே மாதிரி இன்னொண்ணு இருக்குதாங்க? பக்கத்துல வெச்சுப் பாத்தா மனசு அடங்கும்."

ஜமுனா இடுப்பில் கிள்ளினாள். "ஒண்ணுக்கே வழியக் காணோம், ரெண்டு கேக்குறியா?"

வியாபாரி சந்தோஷமாக இன்னொன்றை எடுத்து வைத்தார். செவ்வந்தி குனிந்து பார்த்தாள். முதல் காசில், கடைசி எழுத்துக்குக் கீழே நகம் பதிந்தது போல ஒரு வெட்டு. இரண்டாவது காசிலும் அதே வெட்டு, அதே இடத்தில்.

"இது எங்கியோ பட்ட அடி. செரி. அதே அடி, அதே எடத்துல அதுக்கும் பட்டுச்சா?"

ஜமுனா தலையை உள்ளே நுழைத்தாள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "எங்க பெரியம்மாவுக்கு ரெட்டைப் புள்ளைங்க. மொகம் ரெண்டும் ஒண்ணுதான். ஆனா பனையிலேர்ந்து உழுந்தவனுக்குத்தானே நெத்தியில தழும்பு? இன்னொருத்தனுக்கு எப்டி வரும்? இன்னாங்க சார், தழும்போடவே பெத்தாங்களா?"

மக்பூல் பாய் சிரித்த சிரிப்பில் டீ சட்டையில் சிந்தியது. வியாபாரி முகம் தொங்கிப்போயிற்று. "நானும் ஒருத்தர்கிட்ட நம்பி வாங்கினதும்மா" என்று துணியைச் சுருட்டினார்.

செவ்வந்தி எழுந்திருக்கவில்லை. அவர் காலடியில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. எதை எடுத்தாலும் இருநூறு. அதைக் கொட்டித் துழாவினாள். கருத்துப்போய், கோணலாக, ஒன்று அகப்பட்டது. முத்திரை ஒருபக்கம் சரிந்து, இரண்டு எழுத்துதான் காசில் விழுந்திருந்தது. ஓரம் வெடித்திருந்தது.

"அது ஒடைஞ்சதும்மா, வேற எடுங்க."

ஒடைஞ்சதா? ஈயத்தைச் சுத்தியலால் தட்டினால் ஓரம் இப்படித்தான் வெடிக்கும். ஊற்றினது வெடிக்காது. எவனோ கை தவறி, ஒருபக்கமாகச் சாய்த்து அடித்திருக்கிறான். ஊக்கை வைத்துத் தேடினாள். ஒரு கொப்புளம்கூட இல்லை.

"எனக்கு இதான் வேணும்" என்றாள்.

"ஒடைஞ்சதுன்னு நீங்களே சொல்ட்டீங்க, நூத்தம்பதுதான்" என்று ஜமுனா பேரம் முடித்தாள்.

மறுமாதம் மக்பூல் பாய் அவர்கள் இருவரையும் சென்னையில் காசு சேர்ப்பவர்கள் கூடும் இடத்துக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு பெரியவர் காசைத் தராசில் வைத்தார், கண்ணாடி போட்டுப் பார்த்தார், தன் காசை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "அசல்" என்றார். பக்கத்திலிருந்தவர் அப்போதே பத்தாயிரம் தருவதாகச் சொன்னார்.

"இல்ல சார். வீட்டுல ஒரு பை காலியா கெடக்குது" என்றாள் செவ்வந்தி.

திரும்புகிற பஸ்ஸில் ஜமுனா முன் சீட்டுக்காரி தோளைத் தட்டினாள். "இது எங்க அண்ணி. இவங்க கையில பொய்க் காசு நிக்காது." ஊர் வருவதற்குள் பஸ்ஸில் பாதிப் பேருக்கு அந்தக் கதை தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் செவ்வந்தி பெட்டியின் அடியிலிருந்து அந்த ராணி ரூபாயை எடுத்தாள். பதினோரு வருடமாக யார் கண்ணிலும் படாமல் வைத்திருந்தது. மற்ற ஈயத்தோடு இரும்புக் கரண்டியில் போட்டு அடுப்பில் வைத்தாள். ராணியின் மூக்கு முதலில் கரைந்தது. அச்சை நன்றாகக் காயவைத்து ஊற்றினாள். நாலு குண்டு, ஒன்றிலும் கொப்புளம் இல்லை.

மறுநாள் கங்காதரன் இறால் வலையில் அவற்றைக் கோத்துக்கொண்டு ஏரிக்குப் போனான்.