கப்பலுக்குக் கொண்டுபோன கம்பளி

குன்னூர்க்காரர்கள் எங்கே கிளம்பினாலும் பெட்டியில் முதலில் ஸ்வெட்டர்தான் போகும். சென்னையிலிருந்து மூன்று நாள் கப்பல் சுற்றுலாவுக்கும், நானும் என் கொழுந்தனார் மனைவியும் ஒரே பெட்டியில் வீட்டுக் கம்பளி அத்தனையையும் அடைத்துக்கொண்டு போனோம். துறைமுகத்தில் வேர்த்துக் கொட்டியபோது எனக்கு மானமே போயிற்று.

கப்பல் கிளம்பியதும் மழை பிடித்துக்கொண்டது. மேல்தளத்துக்கு யாரும் போகக்கூடாது என்றார்கள்.

"இந்த மழையப் பாக்கவா இத்தன தூரம் வந்தோம்? இதுதான் நம்மூர்லயே பேயுதே" என்று நான் அறையில் சுருண்டு படுத்துவிட்டேன்.

"கடல்ல பேயற மழைய வேற எப்பங்க்கா பாக்கறது? எந்திரிச்சு வாங்க" என்றாள் அவள். நான் அசையவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போனாள். கப்பலின் பொதுக்கூடத்து ஏசியில் நடுங்கிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் ஸ்வெட்டரை மாட்டிவிட்டு, மூன்று நாளும் அவர்களோடு ஆட்டமும் பாட்டுமாக இருந்திருக்கிறாள்.

ஊர் திரும்பிய பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் அவளுடைய கப்பல் கதைதான். கேட்டு முடித்தவர்கள் என் பக்கம் திரும்பி, "ஏனுங்க, நீங்களும் போயிருந்தீங்களா?" என்பார்கள். எனக்கு வயிறு எரியும். அதே கப்பல், அதே அறை, அதே மழை. இவளுக்கு மட்டும் எங்கிருந்து கிடைத்தது இத்தனை கதை?

ஒருநாள் போட்டோக்களை எடுத்து வந்தாள். ஒன்றில், கூடத்து ஜன்னலுக்கு வெளியே கடலிலிருந்து வானவில் எழும்பி நின்றது. யாரோ ஒரு வடநாட்டு அம்மாள் அதைப் பார்த்து வாயெல்லாம் பல்லாக நின்றிருந்தாள்.

அந்த அம்மாள் போட்டிருந்தது என் ஸ்வெட்டர்.