பதினாறு என்று சொன்ன நாலு

“ஏ ஆத்தா, கையை எடு! மொதல்ல நிறுத்து. ஓடுற மாட்டுக்கா லாடம் அடிப்ப?”

மாணவியின் கையை விசைப்பலகையிலிருந்து தட்டிவிடுகிறார் அடைக்கலமேரி. கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசஸர் எத்தனை என்கிற எண்ணிக்கையை மாற்றுவதென்றால், ஓட்டத்தை நிறுத்திவிட்டுத்தான் கட்டளை அடிக்க வேண்டும். மறந்தால் அன்றைக்கு வகுப்பு முழுக்க அர்ச்சனைதான். மேசையில் டீயைச் சூடாகத்தான் கொண்டுவந்து வைப்பார்கள். மேரி மிஸ் திட்டி முடிப்பதற்குள் அது பச்சைத்தண்ணீராகிவிடும்.

புதுக்கோட்டை பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மாடியில் இருக்கிறது அந்தக் கம்ப்யூட்டர் சென்டர். வங்கிக் கணக்குகளை ஓட்டும் மெயின்ஃபிரேம் என்கிற பெரிய இயந்திரம் இங்கே ஏது? சாதாரணக் கம்ப்யூட்டரையே அப்படி நடந்துகொள்ளச் செய்யும் எமுலேட்டரில்தான் பாடம். சென்னையில் நிஜ மெயின்ஃபிரேமில் வருடக்கணக்காக வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர் மேரி மிஸ். “ஊருக்குத்தான் வந்தேன். ஊரை ஏய்க்க வரல” என்பார்.

வாய் நீளம்தான். ஆனால் போன வாரம் போட்ட சத்தத்தில் நியாயம் இருந்தது. அட்மிஷன் நேரமாம், பெருமையாகக் காட்ட வேண்டுமாம். சென்டர் முதலாளி தமிழ்செல்வன் எமுலேட்டரில் ப்ராசஸர் பதினாறு என்று யாருக்கும் சொல்லாமல் மாற்றிவைத்துவிட்டார். பெட்டிக்குள் இருப்பதோ நாலே நாலு. நாலு பேரை வைத்துக்கொண்டு பதினாறு பேர் என்று கணக்குக் காட்டினால் வேலை ஓடுமா? மாணவி கலைமதியின் புரோகிராம் ஊர்ந்தது. மறுநாள் அவளுக்குக் கம்பெனித் தேர்வு. தப்பு தன்னுடையதுதான் என்று நினைத்து, சரியாக எழுதியதையெல்லாம் அழித்து அழித்து எழுதினாள். தேர்விலும் அதே பயம். சரியான விடையையே அடித்துவிட்டு வந்தாள். வேலை கைநழுவிப் போயிற்று.

எண்ணிக்கையைப் பார்த்துக் கண்டுபிடித்த மேரி மிஸ் நேரே முதலாளியிடம் போனார். “அந்தப் புள்ள பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே சார்! நல்லாருக்கா இது?”

“சத்தம் போடாதீங்க மிஸ். வாரவங்களுக்கு என்னத்தத் தெரியப்போவுது? நாளைக்கு டெமோவுல பதினாறுன்னு நீங்கதான் காட்டணும். முடியாதுன்னா வேற எடம் பாத்துக்கங்க.”

“தெரியாதவங்ககிட்டத்தான் கேப்பையில நெய் வடியுதும்பீங்களோ?”



மறுநாள் சென்டர் நிறையப் பெற்றோர். ஆவுடையார்கோவிலிலிருந்து மகளைச் சேர்க்க வந்த விவசாயி தங்கமுத்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ப்ரொஜெக்டர் வெளிச்சம் சுவரில் விழுந்தது.

“பதினாறு ப்ராசஸர்! நம்ம ஜில்லாவுலயே இங்கிட்டுத்தான்! காட்டுங்க மிஸ்” என்றார் தமிழ்செல்வன்.

மேரி மிஸ் ஓட்டத்தை நிறுத்தினார். எண்ணிக்கையை நாலாக்கினார். சுவரில் அது எல்லாருக்கும் தெரிந்தது.

“ஐயா, இங்க இருக்கிறது நாலுதாங்க. படிக்க இதுவே தாராளம். பதினாறுன்னு காட்டுனா ஒங்க புள்ளதான் கெடந்து அழுவும்.”

தங்கமுத்து முதலாளியைத் திரும்பிப் பார்த்தார். தமிழ்செல்வன் பாய்ந்து வந்து சுவரை மறைத்து நின்றார். அந்த நாலு இப்போது அவருடைய வெள்ளைச் சட்டையில் விழுந்தது. பின்வரிசையில் ஒரு பெண் சரியாகத் தெரியாமல் கழுத்தை நீட்டினாள்.

மேரி மிஸ் எழுத்தைப் பெரிதாக்கினார்.